சர்வர் மெமரி அமைப்புகள்: நம்பகத்தன்மைக்கு எது, வேகத்துக்கு எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது சர்வரின் பயாஸ் (சர்வர் தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) திரையைத் திறந்தால் மெமரி பகுதியில் ஐந்தாறு விருப்பங்கள் வரிசையாக நிற்கும். எதை மாற்றினால் என்ன ஆகும் என்று பக்கத்தில் எழுதியிருக்காது. இங்கே விளக்கத்துக்கு டெல் பவர்எட்ஜ் ஆர்740 சர்வரை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பிராசசர், ஒவ்வொன்றுக்கும் 6 மெமரி சேனல் (பிராசசருக்கும் மெமரிக்கும் நடுவே தரவு போகும் பாதை), சேனலுக்கு 2 ஸ்லாட் (ரேம் ஸ்டிக்கைச் செருகும் இடம்), ஆக மொத்தம் 24 ஸ்லாட். கைமாறி வரும் சர்வர்களில் இது நிறையக் கிடைக்கிறது, அதனால் பலரிடம் இருக்கிறது. எச்பிஇ, லெனோவோ சர்வர்களில் பெயர்கள் மாறும். உள்ளே நடப்பது ஏறக்குறைய இதேதான்.

ஆப்டிமைசர், மிரர், ரேங்க் ஸ்பேர், ஃபால்ட் ரெசிலியன்ட் என்று பல மோட் இருக்கின்றன. எதைப் போடுவது?

பெரும்பாலானவர்களுக்கு, எதையும் ஒதுக்கிவைக்காமல் முழு மெமரியையும் தரும் ஆப்டிமைசர் போதும்.

காரணம் இதுதான். மெமரிப் பிழையால் இரண்டு விதமான கெடுதல் வரும். ஒன்று, தரவு யாருக்கும் தெரியாமல் தவறாகிப்போவது. இன்னொன்று, சர்வர் திடீரென்று நின்றுபோவது. முதலாவதைத் தடுப்பது ஈசிசி என்ற பிழை திருத்தும் வசதி. அது எல்லா மோடிலும் வேலை செய்கிறது, ஆப்டிமைசரிலும்தான். மிரர், ஸ்பேர் போன்றவை இரண்டாவது கெடுதலுக்காக வந்தவை. ஆப்டிமைசர் போட்டால் பாதுகாப்பே இல்லை என்று நினைத்துப் பலர் மிரருக்குத் தாவி, பாதி மெமரியை இழந்துவிடுகிறார்கள்.

ஆகவே உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த ஒரு சர்வர் நள்ளிரவில் நின்றுபோனால் என்ன நடக்கும்? பக்கத்துச் சர்வர் வேலையை எடுத்துக்கொள்ளும் என்றால் ஆப்டிமைசர். பத்து நிமிடம் நின்றால் பரவாயில்லை, தானே ரீபூட் ஆகி எழுந்தால் போதும் என்றாலும் ஆப்டிமைசர்தான். நிற்கவே கூடாது, மாற்று ஏற்பாடும் இல்லை என்றால் மட்டும் மற்ற மோடுகளைப் பற்றி யோசியுங்கள்.

ஈசிசி உண்மையில் என்ன செய்கிறது?

ஒவ்வொரு 64 பிட் தரவுக்கும் கூடவே 8 பிட் சரிபார்ப்புத் தகவலைச் சேமித்து வைக்கிறது. படிக்கும்போது அந்த 8 பிட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கும். ஒரு பிட் புரண்டிருந்தால் அதைத் திருத்திக் கொடுக்கும். இரண்டு பிட் புரண்டிருந்தால் திருத்த முடியாது, ஆனால் தவறு என்று கண்டுபிடித்துவிடும். இது அடிப்படை ஈசிசி. சர்வர் பிராசசர்கள் இதைவிடக் கொஞ்சம் மேலே போகின்றன, அதைக் கீழே சொல்கிறேன்.

திருத்த முடியாத பிழை வந்தால் பெரும்பாலும் சர்வர் நின்றுவிடும். சில நேரம் லினக்ஸ் அந்த மெமரிப் பக்கத்தை ஒதுக்கிவைத்து, அதைப் பயன்படுத்திய நிரலை மட்டும் நிறுத்திவிட்டுத் தொடரும். நிற்பதைப் பார்த்து எரிச்சல் வரலாம். ஆனால் தவறான எண்ணை டேட்டாபேஸில் எழுதிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல ஓடுவதைவிட நிற்பது எவ்வளவோ மேல்.

2003 மே மாதம் பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், பிரஸ்ஸல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஸ்கார்பேக்கில், ஒரு வேட்பாளருக்கு மின்னணு எண்ணிக்கை 4096 வாக்குகளைக் கூடுதலாகக் காட்டியது. அவருக்குக் கிடைக்கவே முடியாத அளவு என்பதால் மட்டுமே அது கண்ணில் பட்டது. 4096 என்பது 2இன் 12ஆம் அடுக்கு. ஒரே ஒரு பிட் 0இலிருந்து 1ஆக மாறினால் வரும் வித்தியாசம் சரியாக அதுதான். விசாரித்தவர்களும் அந்த முடிவுக்கே வந்தார்கள். உங்கள் சம்பளப் பட்டியலிலோ நோயாளியின் மருந்து அளவிலோ இப்படி ஒரு பிட் மாறினால், கண்ணில் படும் அளவுக்குப் பெரிய எண்ணாக அது இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

அப்படியெல்லாம் அடிக்கடி நடக்குமா?

பலர் நினைப்பதைவிட அடிக்கடி. கூகுள் தன் சர்வர்களை இரண்டரை ஆண்டு கவனித்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் ஸ்டிக்குகளில் திருத்தக்கூடிய பிழை வந்திருந்தது. சர்வர் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒன்று.

அந்த ஆய்வில் நமக்கு அதிகம் உதவுவது வேறொரு விஷயம். மெமரிப் பிழை என்றாலே ஏதோ ஒரு கதிர் தற்செயலாக ஒரு பிட்டைத் தட்டிவிட்டது என்று விளக்கம் சொல்வது வழக்கம். 1970களின் இறுதியில் சிப்பின் உறையில் கலந்திருந்த கதிரியக்கப் பொருளே பிட்டுகளைப் புரட்டுகிறது என்று இன்டெல் கண்டுபிடித்ததிலிருந்து அந்த விளக்கம் மனத்தில் பதிந்துவிட்டது. கூகுள் பார்த்த பிழைகளில் பெரும்பகுதி அப்படிப்பட்டதல்ல என்றே தெரிந்தது. வன்பொருளே பழுதாகி, அதே ஸ்டிக் திரும்பத் திரும்பப் பிழை காட்டியது. ஒருமுறை காட்டிய ஸ்டிக் அதே மாதத்தில் மறுபடியும் காட்டும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஆகவே முதல் எச்சரிக்கையைத் தற்செயல் என்று ஒதுக்கக் கூடாது.

டிடிஆர்5 ரேமில் சிப்புக்குள்ளேயே ஈசிசி இருக்கிறதாமே? சாதாரண ரேம் போட்டால் போதாதா?

போதாது. டிடிஆர்5 சிப்புக்குள் 128 பிட்டுக்கு 8 பிட் என்ற கணக்கில் ஒரு திருத்தம் இருக்கிறது, உண்மைதான். சிப்புகளின் செல்கள் சிறிதாகிக்கொண்டே போவதால், உற்பத்தியில் வரும் சின்னச் சின்னக் குறைகளைச் சமாளிக்கவே அது வந்தது. சிப்பிலிருந்து பிராசசர் வரை தரவு வரும் வழியில் ஏற்படும் பிழையை அது பார்க்காது. ஏதாவது திருத்தினாலும் அது உங்கள் லாக்கில் (சர்வரின் நிகழ்வுப் பதிவேட்டில்) வராது. சர்வருக்குக் கூடுதல் சிப்புகளோடு வரும் முழு ஈசிசி ஸ்டிக்தான் வேண்டும்.

ஸ்டிக்கின் லேபிளில் 2ஆர்எக்ஸ்4, 2ஆர்எக்ஸ்8 என்று இருக்கிறதே, அதில் என்ன வித்தியாசம்?

வாங்கும்போது விலையை மட்டும் பார்த்துக் கோட்டைவிடும் இடம் இது. முதல் எண் ரேங்குகளின் எண்ணிக்கை; ரேங்க் என்பது ஸ்டிக்கில் ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் சிப்புகளின் தொகுதி. கடைசி எண், ஒரு சிப் ஒரே நேரத்தில் எத்தனை பிட் தருகிறது என்பது. டிடிஆர்4இல் எக்ஸ்4 ஸ்டிக்கில் ரேங்குக்கு 18 சிப்புகள், எக்ஸ்8 ஸ்டிக்கில் 9.

ஒரு சிப் முழுவதுமாகச் செத்துப்போனால் எக்ஸ்4இல் ஒரு நேரத்தில் 4 பிட்தான் போகும். இன்டெல் எஸ்டிடிசி என்றும் ஐபிஎம் சிப்கில் என்றும் அழைக்கும் முறை அந்தத் தரவை மீட்டுக்கொடுத்துவிடும். சர்வர் தொடர்ந்து ஓடும். எக்ஸ்8இல் சேனல்கள் தனித்தனியாக ஓடும் சாதாரண நிலையில் அந்த அளவு பாதுகாப்பு கிடைக்காது. ஏடிடிடிசி என்று பயாஸில் ஒரு விருப்பம் இருக்கிறதே, அதற்கும் எக்ஸ்4 ஸ்டிக்தான் வேண்டும். ஒரு பகுதியில் பிழைகள் சேர்ந்தால், அந்தப் பகுதியை அதே சேனலின் இன்னொரு பகுதியோடு இணைத்து, இரண்டாவது சிப் போனாலும் தாங்கும்படி செய்வது அது. இணைப்பு நடக்கும்வரை வேகத்தில் இழப்பு இல்லை. நடந்த பிறகு அந்தப் பகுதி மெதுவாகும், ஆனால் வேலை நிற்காது. எக்ஸ்4 ஸ்டிக் வைத்திருந்தால் இதை இயக்கிவையுங்கள்.

என் கருத்தில், மிரருக்குப் பாதி மெமரியைக் கொடுப்பதைவிட, முதலிலேயே எக்ஸ்4 ஸ்டிக்குகளாகப் பார்த்து வாங்குவது பெரும்பாலான அலுவலகங்களுக்கு நல்ல முடிவு.

மிரர் மோட் யாருக்கு?

கடையில் ஒரே கணக்கை இரண்டு பேரேட்டில் எழுதி வைப்பதுபோல, எழுதும் ஒவ்வொன்றையும் அதே பிராசசரின் இரண்டு சேனல்களில் எழுதும். ஒன்றில் திருத்த முடியாத பிழை வந்தால் இன்னொன்றிலிருந்து படித்துக்கொள்ளும். இயங்குதளத்துக்கு எதுவுமே தெரியாது. 192 ஜிபி போட்டிருந்தால் 96 ஜிபிதான் கண்ணில் படும். எழுதும் வேகமும் குறையும்.

ஒரே சர்வரில்தான் ஓட வேண்டும் என்று கட்டுப்பாடு உள்ள பழைய மென்பொருள், நின்றால் எழுந்திருக்க ஒரு மணி நேரம் எடுக்கும் பெரிய டேட்டாபேஸ், ஆலையில் இயந்திரத்தை நேரடியாக இயக்கும் கணினி: இவற்றுக்கு மிரர் தகும். இரண்டு மூன்று சர்வர்களைச் சேர்த்து கிளஸ்டர் போட்டிருப்பவர்களுக்கு அந்தப் பணத்தில் இன்னும் கொஞ்சம் ரேம் வாங்குவதே லாபம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மிரர் பேக்கப் ஆகாது. நிரல் தவறான தகவலை எழுதினால் இரண்டு பிரதியிலும் அதே தவறுதான் இருக்கும்.

ரேங்க் ஸ்பேர்?

ஒவ்வொரு சேனலிலும் ஒரு ரேங்கைப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவைக்கும். இன்னொரு ரேங்கில் திருத்தக்கூடிய பிழைகள் ஒரு வரம்பைத் தாண்டினால், அதில் உள்ளதை எல்லாம் ஒதுக்கிய ரேங்குக்கு மாற்றிவிடும். 24 ஸ்லாட்டிலும் இரண்டு ரேங்க் உள்ள 16 ஜிபி ஸ்டிக் போட்டிருந்தால் சேனலுக்கு 4 ரேங்க். அதில் ஒன்று போனால் 384 ஜிபியில் 288 ஜிபி மிஞ்சும். சேனலுக்கு ஒரே ஸ்டிக் போட்டிருந்தால் இழப்பு பாதி, அதாவது மிரருக்குச் சமம். அப்படியிருந்தும் முன்னறிவிப்பு இல்லாமல் வரும் திருத்த முடியாத பிழையிலிருந்து இது காப்பாற்றாது. எக்ஸ்4 ஸ்டிக்கும் ஏடிடிடிசியும் உள்ள சர்வரில் இதற்குத் தேவை மிகக் குறைவு.

ஃபால்ட் ரெசிலியன்ட் மோட்?

மெமரியின் ஒரு பகுதியை மட்டும் மிரர் செய்து, விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ போன்ற ஹைப்பர்வைசரின் (ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருளின்) மையப் பகுதியை அங்கே வைக்கும் ஏற்பாடு. அதன் மேல் ஓடும் விர்ச்சுவல் மெஷின்களின் மெமரி இதனால் காக்கப்படுவதில்லை. ஒரு மெஷின் போனாலும் எல்லாம் சேர்ந்து சாயாது என்பதுதான் பயன். இந்த வகை மெமரியைப் புரிந்துகொள்ளும் இயங்குதளம் இருந்தால் மட்டும் போடுங்கள். லினக்ஸ் கெர்னலையும் மிரர் செய்த பகுதியில் மட்டும் வைக்க வழி இருக்கிறது, ஆனால் அதற்கு பயாஸிலும் கெர்னல் அளவுருவிலும் தனியாகச் சொல்ல வேண்டும்.

சரி, வேகத்துக்கு எதை மாற்ற வேண்டும்?

பயாஸை விட்டுவிட்டு முதலில் சர்வரின் மூடியைத் திறந்து பாருங்கள். வேகத்தில் மிகப் பெரிய இழப்பு பெரும்பாலும் ஸ்டிக்குகளை எங்கே செருகியிருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

டிடிஆர்4-2666 ரேமில் ஒரு சேனல் நொடிக்கு அதிகபட்சம் 21.3 ஜிபி தரும். ஆறு சேனலும் நிறைந்திருந்தால் ஒரு பிராசசருக்கு நொடிக்கு 128 ஜிபி. "128 ஜிபி போதும், 32 ஜிபி ஸ்டிக் நான்கு வாங்கிக்கொள்கிறேன்" என்று பிராசசருக்கு இரண்டு மட்டும் போட்டால் வேகம் நொடிக்கு 43 ஜிபிக்குக் கீழே விழும். மூன்றில் ஒரு பங்கு. பிராசசருக்கு எவ்வளவு செலவு செய்திருந்தாலும் அது தரவுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் 16 ஜிபி ஸ்டிக் பன்னிரண்டு வாங்கி, பிராசசருக்கு ஆறாகப் பிரித்துப் போட்டால் 192 ஜிபியும் கிடைக்கும், முழு வேகமும் கிடைக்கும்.

ஆர்740இல் பிராசசருக்கு 6 அல்லது 12 ஸ்டிக் என்பது சமநிலை. 8 அல்லது 10 போட்டால் சில சேனல்களில் இரண்டு, சிலவற்றில் ஒன்று என்று ஆகி, தரவைச் சேனல்களுக்குள் சீராகப் பரப்ப முடியாது. சர்வருக்குச் சர்வர் இந்த எண் மாறும். இன்டெல் ஐஸ் லேக், சஃபையர் ரேபிட்ஸ் தலைமுறைகளுக்கு 8 சேனல், ஏஎம்டி எபிக் ஜெனோவாவுக்கு 12.

அப்புறம், எல்லா ஸ்டிக்கும் ஒரே அளவு, ஒரே வேகம், ஒரே வகையாக இருக்கட்டும். வேகம் வேறாக இருந்தால் எல்லாம் சேர்ந்து மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். ஆர்டிம், எல்ஆர்டிம் என்ற இரண்டு வகை சர்வர் ஸ்டிக்குகளை ஒன்றாகப் போடவே முடியாது. புதிய தலைமுறைகளில் சேனலுக்கு இரண்டு ஸ்டிக் போட்டாலும் வேகம் இறங்கலாம். சஃபையர் ரேபிட்ஸில் ஒன்று போட்டால் 4800, இரண்டு போட்டால் 4400. அங்கே சேனலுக்கு ஒரு பெரிய ஸ்டிக் போடுவது நல்லது.

நோட் இன்டர்லீவிங் என்று ஒன்று இருக்கிறதே, அதை இயக்கலாமா?

வேண்டாம், அணைந்தே இருக்கட்டும். இரண்டு பிராசசர் சர்வரில் ஒவ்வொன்றுக்கும் அதனருகே சொந்த மெமரி இருக்கிறது. பக்கத்தில் இருப்பதைப் படிப்பது வேகம், அடுத்த பிராசசரிடம் கேட்டு வாங்குவது தாமதம். இந்த அமைப்புக்கு நூமா என்று பெயர். இன்டர்லீவிங்கை இயக்கினால் இரண்டு பக்கத்து மெமரியும் கலந்து ஒரே தொகுதியாகத் தெரியும், எது பக்கத்தில் எது தூரத்தில் என்று இயங்குதளத்துக்குத் தெரியாமல் போகும். லினக்ஸும் விண்டோஸும் ஈஎஸ்எக்ஸ்ஐயும் நூமாவை நன்றாகவே கையாளும். அந்தத் தகவலை அவற்றிடமிருந்து மறைக்காதீர்கள்.

விதிவிலக்கு டேட்டாபேஸ். மைஎஸ்கியூஎல் பெரிய பஃபர் பூலை (தரவை மெமரியில் வைத்துக்கொள்ளும் இடத்தை) ஒரே பக்கத்து மெமரியில் நிரப்பிவிட்டு, அடுத்த பக்கம் காலியாக இருக்கும்போதே ஸ்வாப்புக்கு (மெமரிக்குப் பதிலாக டிஸ்கைப் பயன்படுத்துவதற்கு) போகும் பிரச்சினை நன்கு அறியப்பட்டது. அதற்கும் பயாஸைத் தொட வேண்டியதில்லை. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியிலேயே இன்டர்லீவ் செய்யும் அமைப்பு இருக்கிறது. மாங்கோடிபியை லினக்ஸின் நூமா கட்டுப்பாட்டுக் கருவி வழியாக இரண்டு பக்கமும் பரவும்படி தொடங்கலாம்.

ஒரே பிராசசரைச் சில பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் சப்-நூமா கிளஸ்டரிங், ஏஎம்டியில் என்பிஎஸ் போன்றவை, நிரல் அதற்கேற்ப எழுதப்பட்டிருந்தால் கொஞ்சம் தாமதத்தைக் குறைக்கும். அறிவியல் கணிப்புகளுக்குச் சோதித்துப் பாருங்கள். பொதுவான வேலைக்கு வேண்டாம்.

சிஸ்டம் புரொஃபைல், பேட்ரோல் ஸ்க்ரப், ரிஃப்ரெஷ் ரேட்?

ஆர்740 வரும்போது மின்சாரத்துக்கும் வேகத்துக்கும் நடுவே சமன் செய்யும் புரொஃபைலில் இருக்கும். பதில் தரும் நேரம் முக்கியமான டேட்டாபேஸ் சர்வருக்கு பெர்ஃபார்மன்ஸ் புரொஃபைலுக்கு மாற்றுங்கள். மின்சாரச் செலவும் சூடும் கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பேட்ரோல் ஸ்க்ரப் என்பது சர்வர் தன் முழு மெமரியையும் தானே படித்துப் பார்த்து, ஒற்றைப் பிட் பிழைகளை அவ்வப்போது திருத்திவைப்பது. ஸ்டாண்டர்ட் என்றால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, எக்ஸ்டெண்டட் என்றால் மணிக்கு ஒருமுறை. வேகம் கூடும் என்று சொல்லி இதை அணைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள். எப்போதோ எழுதி மாதக்கணக்கில் படிக்காமல் கிடக்கும் இடத்தில் ஒரு பிட் புரண்டு, அங்கேயே இன்னொன்றும் புரண்டால், திருத்தியிருக்கக்கூடிய பிழை திருத்த முடியாததாகிவிடும். ஸ்டாண்டர்ட் போதும்.

ரிஃப்ரெஷ் ரேட், அதாவது மெமரி தன்னிடம் உள்ள தரவு அழியாமல் புதுப்பித்துக்கொள்ளும் வேகம், 1 மடங்கிலேயே இருக்கட்டும். மெமரியின் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்ப அணுகிப் பக்கத்து வரிசையின் பிட்டைப் புரட்டும் ரோஹேமர் முறை 2014இல் வெளியானபோது, 2 மடங்கு ஆக்குவது ஒரு தற்காப்பாகப் பரவியது. யார் யாருடைய நிரல்களோ ஒரே சர்வரில் ஓடும் வாடகை ஹோஸ்டிங் நடத்துபவர்கள் அதைப் பரிசீலிக்கலாம். முழுத் தடுப்பு ஆகாது, வேகமும் கொஞ்சம் குறையும்.

லாக்கில் திருத்தக்கூடிய மெமரிப் பிழை என்று வந்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில் ஸ்லாட்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏ1 முதல் ஏ12 வரை முதல் பிராசசர், பி1 முதல் பி12 வரை இரண்டாவது. லாக்கை அழித்துவிட்டு "மறுபடி வருகிறதா பார்ப்போம்" என்று விடாதீர்கள், அழித்தால் வரலாறு போய்விடும்.

பயாஸ் பழையதாக இருந்தால் புதுப்பித்து, வேலை இல்லாத நேரத்தில் ரீபூட் செய்யுங்கள். டிடிஆர்4 சிப்புகளுக்குள் உபரி வரிசைகள் இருக்கின்றன. புதிய பயாஸ் பதிப்புகள், பிழை காட்டிய வரிசைக்குப் பதில் உபரி வரிசையை பூட் ஆகும்போது நிரந்தரமாக மாற்றிவிடும். பாதிப் பிரச்சினை அதோடு முடிந்துவிடலாம். திரும்பவும் வந்தால் அந்த ஸ்டிக்கை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். பிழை ஸ்டிக்கோடு போனால் ஸ்டிக் பழுது. அதே ஸ்லாட்டில் நின்றால் ஸ்லாட்டையோ பிராசசரின் கீழே உள்ள பின்களையோ பார்க்க வேண்டும்.

இந்தப் பிழைகளை லாக்கில் எழுதாமல் இருக்கச் செய்யும் விருப்பமும் பயாஸில் உண்டு. அதை இயக்கிவிட்டால் எச்சரிக்கை வராது, ஒருநாள் நேராகச் சர்வர் விழும். டெல் சர்வரைத் தொலைவிலிருந்து கண்காணிக்க உதவும் ஐடிராக்கிலிருந்து மின்னஞ்சல் வரும்படி அமைத்துவையுங்கள், லினக்ஸில் வன்பொருள் பிழைகளைப் பதிவு செய்யும் ராஸ்டீமன் சேவையை ஓடவிடுங்கள். இரண்டும் செலவில்லாதவை. எந்த மோடைத் தேர்ந்தெடுத்தாலும், வருகிற எச்சரிக்கையை ஒருவர் படிக்கிறார் என்பதுதான் சர்வரைக் காப்பாற்றுகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் மோடை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் ரீபூட் வேண்டும். பூட் ஆகும்போது மெமரியை முதலிலிருந்து சோதித்து அமைப்பதால் திரை சில நிமிடம் வெறுமையாக இருக்கலாம், பயந்து மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். மாற்றும் முன் பழைய அமைப்புகளைப் படமெடுத்து வையுங்கள். மிரருக்குப் போகிறீர்கள் என்றால், பாதி மெமரியில் எல்லா விர்ச்சுவல் மெஷின்களும் எழுமா என்று முதலிலேயே கூட்டிப் பாருங்கள். புது ஸ்டிக் சேர்த்திருந்தால் ஓர் இரவு முழுவதும் மெம்டெஸ்ட் என்ற மெமரிச் சோதனை நிரலை ஓடவிட்டு, காலையில் லாக்கையும் பார்த்துவிட்டு, அதன் பிறகு வேலைக்கு விடுங்கள்.